முட்டியைக் கேட்டேன், ஷூ வந்தது

தணிகை மலையானை நம்பி வாழும் அன்பர்களுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாலைந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் முட்டாள்தனத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் இத்தனை தாமதம்.

எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம். ஆடி மாதம், புதன்கிழமை காலை. படுக்கையை விட்டு எழுந்து இடது காலை ஊன்றினேன். ஊன்ற முடியவில்லை. முட்டி விளாம்பழம் போல வீங்கியிருந்தது. இன்னும் பன்னிரண்டு நாளில் வடக்கே இந்திய கூடைப்பந்து அணியின் பயிற்சி முகாம். அங்கிருந்து பன்னிரண்டு பேர் வெளிநாட்டில் நடக்கும் சர்வதேசப் போட்டிக்குப் போவார்கள். முகாமுக்கு அழைக்கப்பட்ட பதினைந்து பேரில் நானும் ஒருவன். எனக்கு முப்பது வயது. இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். ஆறடி நாலங்குலம் வளர்ந்துவிட்டதால் தறிக் குழியில் கால் அடங்காது என்று வீட்டில் கேலி செய்வார்கள். அந்த உயரத்தால்தான் ரயில்வேயில் வேலை கிடைத்தது. அரக்கோணத்தில் பேருக்குக் குமாஸ்தா. உண்மையில் பந்து விளையாடத்தான் சம்பளம். குடியிருப்பது திருத்தணியில், மலையடிவாரத்தில்.

இதற்கு முன் இரண்டு முறை இந்திய அணியின் வாசல் வரை போய்த் திரும்பியவன் நான். மூன்றாம் முறை பட்டியல் வருவதற்கு முன்னால் முருகனிடம் வேண்டிக்கொண்டேன். "என் பேர் வந்தால் உன் படி முழுவதையும் முட்டி போட்டே ஏறி வருகிறேன்." இந்த ஊரில் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் ஏற்றுவார்கள், காவடி எடுப்பார்கள், மொட்டை போடுவார்கள். முட்டி போட்டு ஏறுவதை நான் பார்த்தது திருப்பதி மலையில். இரண்டு மலைக்கும் நடுவில் வாழ்கிறவனுக்கு வரக்கூடிய குழப்பம்தான். அந்த மலையின் வேண்டுதலை இந்த மலைக்குக் கொண்டுவந்தேன்.

பேர் வந்தது. அப்போதுதான் பயம் பிடித்தது. சொன்னதைச் செய்யாமல் ரயில் ஏறினால் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வானோ? என் மனைவி கமலா என் மாமன் மகள். கல்யாணத்துக்குப் பின்னும் பாவா என்றுதான் கூப்பிடுவாள். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஓடுறதுக்கும் எகிறுறதுக்கும் அந்த முட்டிதானே பாவா ஒனக்குச் சோறு போடுது? போய் ஆடிட்டு வந்து ஏறேன். சாமி எங்க ஓடிப்போவுது?"

கேட்டேனா? நான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நின்றேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வடிந்த செவ்வாய்க்கிழமை ஏறினேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. பாதி தாண்டியதும் இடது முட்டிக்குள் ஏதோ நழுவியது போல இருந்தது. நிறுத்தவில்லை. மேலே போய்ச் சந்நிதியில் நின்றபோது எனக்குப் பெருமை. அந்தப் பெருமை ஓர் இரவுதான் நீடித்தது.

டாக்டர் அழுத்திப் பார்த்தார். உள்ளே நீர் கோத்திருக்கிறது, ஆறு வாரம் காலை அசைக்கக்கூடாது என்றார். நான் வெளியே வந்து ரிக்‌ஷாவில் உட்கார்ந்து அழுதேன். வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், விக்கி விக்கி அழுதேன்.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று கமலாவிடம் சத்தியம் வாங்கினேன். எங்கள் ரயில்வே அணியில் கோபி என்று ஒரு பையன், இருபத்து மூன்று வயது. நான் ஆடும் அதே இடத்தில் ஆடுகிறவன். பதினைந்து பேரில் யாராவது வர முடியாவிட்டால் அவன் போக வேண்டும் என்று பட்டியலில் இருந்தது. அவன் பேர் பதினைந்துக்குள் வராதபோது நான் உள்ளூர மகிழ்ந்தவன். இப்போது என் முட்டி அவனுக்குத் தெரிந்தால் என் இடம் போய்விடும்.

அரக்கோணத்தில் ஒருவர் ஊசி போடுவார், ஒரு மாதத்துக்கு வலியே தெரியாது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடலாமா? அங்கே ஆட்டத்தின் நடுவில் கால் மடங்கினால்? அணிக்கு ஓர் ஆள் குறையும், கோபியும் போயிருக்க மாட்டான், நானும் ஆடியிருக்க மாட்டேன். எல்லாம் தெரிந்தது. தெரிந்தும் மனசு விடவில்லை. பத்து வருஷக் கனவை எப்படி விடுவது?

சனிக்கிழமை மாலை கமலா தோளைப் பிடித்துக்கொண்டு மலையடிவாரம் வரை போனேன். முதல் படியில் காலை வைக்க முடியவில்லை. நாலு நாளுக்கு முன் முழு மலையும் ஏறியவன், அங்கேயே தரையில் உட்கார்ந்து கும்பிட்டேன். இந்த முறை எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. தர என்னிடம் என்ன இருந்தது? "முருகா, எனக்கு இந்த முட்டியைக் கொடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை" என்றேன்.

ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எழுந்தபோதும் வலி அப்படியே இருந்தது. கமலா மெதுவாகச் சொன்னாள்: "அவரு ஒன் முட்டிய எப்ப கேட்டாரு பாவா? நீயாத்தானே குடுத்த."

எனக்குக் கோபம் வந்தது. அவள் மேலும், முருகன் மேலும்.

திங்கட்கிழமை காலை அரக்கோணம் போய் ஊசி போட்டுக்கொள்வது என்று முடிவு செய்து திருத்தணி ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அரக்கோணம் பக்கமிருந்து வந்த வண்டியில் இருந்து கோபி இறங்கினான். கையில் ஒரு துணிப்பை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"அண்ணா, ஒங்க வூட்டுக்குத்தான் வந்துகினு இருந்தேன். இந்தாங்க."

பையில் ஒரு ஜோடி வெளிநாட்டு ஷூ. அந்தக் காலத்தில் எங்கள் கால் அளவுக்கு நல்ல ஷூ கடையில் கிடைக்காது. கப்பலில் வேலை செய்யும் அவன் மாமா வாங்கி வந்தது. அணி முழுவதும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கிறோம். அவன் இன்னும் சரியாகப் போட்டுக்கூட ஆடவில்லை.

"எனக்கு எதுக்குடா?"

"போன வருஷம் கிழிஞ்ச ஷூவ கயிறு போட்டுக் கட்டிக்கினு ஆடுனீங்களே. வெளிநாட்டுக்காரன் எதிர்ல அப்டி நிக்கக்கூடாதுண்ணா. ஒங்க காலும் என் காலும் ஒரே சைஸுதான். நான் போவலன்னா இன்னா, என் ஷூவாவது போவட்டும்."

சிரித்துக்கொண்டே சொன்னான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. முதலில் எனக்கு அவமானம்தான் வந்தது. பிறகு, எங்கிருந்தோ ஒரு நிம்மதி. பேண்ட்டைச் சுருட்டி முட்டியைக் காட்டினேன்.

அவன் கண்ணில் சந்தோஷம் தெரிகிறதா என்றுதான் பார்த்தேன். அவ்வளவு கெட்டவன் நான். அவனோ பிளாட்பாரத்தில் மண்டி போட்டு உட்கார்ந்து முட்டியை இரண்டு கையாலும் பிடித்தான்.

"ஐயோ, இன்னாண்ணா இது! இத்த வெச்சிக்கினா ஆடப்போறீங்க? காலே போயிடும்ணா. வேணாம்ணா!"

அரக்கோணம் வண்டி வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. ஷூவை அவன் மடியில் வைத்து, "இது போகட்டும், உன் காலோடு போகட்டும்" என்றேன். அவன் ஆங் என்று சொல்லவே பத்து நிமிஷம் ஆயிற்று. அன்றே இரண்டு பேரும் தபால் ஆபீஸ் போனோம். எனக்குப் பதில் கோபி வருவான் என்று முகாமுக்குத் தந்தி கொடுத்தோம்.

ஆறு வாரம் நான் காலில் கட்டோடு சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். முதல் வாரம் முருகனோடு பேசவில்லை. கோபி பன்னிரண்டு பேரில் ஒருவனாக விமானம் ஏறினான் என்று பேப்பரில் வந்த அன்று மட்டும் கமலாவைப் பாயசம் வைக்கச் சொன்னேன். சாப்பிடும்போது அழுகையும் வந்தது, அதையும் மறைக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்று ஊசி போட்டுக்கொள்ளப் போன கதையை டாக்டரிடம் சொன்னேன். அவர் காலை மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊசி போட்டு ஆடியிருந்தால் இந்த முட்டி இந்நேரம் முடிந்திருக்கும். உங்களுக்கு யார் புத்தி சொன்னது?"

யார் சொன்னது? நான் கும்பிட்டேன். அவரையல்ல.

அன்பர்களே, நான் முட்டியைத்தான் கேட்டேன். அதை அவன் கொடுத்தான். அடிவாரத்தில் அல்ல, ஸ்டேஷனில். மருந்தாக அல்ல, ஒரு ஜோடி ஷூவாக. கூடவே நான் கேட்காத ஒன்றையும் கொடுத்தான். கோபி இன்று எனக்குத் தம்பி. ஆட்டத்தில் கையைத் தூக்கிப் பந்து கேட்போம். எப்போதும் நாம் பார்க்கும் பக்கத்திலிருந்தே அது வந்துவிடாது. கையை மட்டும் விரித்து வைத்திருங்கள். அவனிடம் பேரம் பேசாதீர்கள், கேளுங்கள், அது போதும்.

கோபி ஊர் திரும்பியதும் இருவரும் மலை ஏறினோம், நடந்துதான். பாதியில் ஒரு படியைக் காட்டி, "இங்கதானேண்ணா நழுவுச்சி?" என்று கேலி செய்தான். அந்தப் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். நான் வெளிநாடு போகவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு வருஷம் ரயில்வேக்கு ஆடினேன். இன்று கிருத்திகை. காலையில் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறி இறங்கி வந்துதான் இதை எழுதுகிறேன். முட்டி வலிக்கவில்லை.