லயத்து வாசலுக்கு ஒரு ஜெர்மன் கார்

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போய் வந்தேன். வாவியில் படகு விட்ட படத்தையும் ஸ்ட்ராபெரி தின்ற கதையையும் எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே வேறு பக்கம் போய்விடலாம். நான் போனது ஒரு பழைய ஜெர்மன் காருக்கு என்ன விலை கொடுத்தால் நியாயம் என்று பார்க்க. எந்தக் கம்பனிக் கார் என்று சொல்ல மாட்டேன். சொன்னால் கீழே கமெண்டில் அடிதடி நடக்கும்.

நான் ஹட்டனில் பாடசாலை வேன் ஓட்டுகிறவள். பிறந்தது டயகம பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில் ஒன்று. அக்கா மலரின் கல்யாணத்துக்கு டவுனிலிருந்து ஒரு ஜெர்மன் காரை வாடகைக்குப் பிடித்தோம். பூ கட்டி ஜோராக வந்த கார், காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்துச் சந்தியிலேயே நின்றுவிட்டது. லயத்துக்கு வந்தால் காரின் அடி தட்டும் என்று ஓட்டி வந்தவர் அதற்கு மேல் வர மறுத்தார். முழு வாடகையை மட்டும் முன்கூட்டியே வாங்கியிருந்தார். பட்டுச் சேலையை முழங்கால் வரை தூக்கிப் பிடித்தபடி அக்கா சேற்றில் நடந்து போய் ஏறினாள். எல்லாக் கல்யாணக் காரும் அங்கேதான் நிற்கும், இதில் என்ன இருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சமாதானம் சொன்னார்கள். நான் சமாதானம் ஆகவில்லை.

இப்போது தங்கச்சி கவிதாவுக்கு வைகாசியில் நாள் குறித்தாயிற்று. இந்த முறை கார் லயத்து வாசலுக்கு வந்தே ஆக வேண்டும், அதற்கு அந்தக் கார் என்னுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். பிறகு தோட்டத்துக் கல்யாணங்களுக்கே வாடகைக்கு விடலாம். என்னிடம் இருந்த இரண்டு வேனில் ஒன்றை விற்றேன். சீட்டுக் காசையும் சேர்த்தேன். விலையில் ஏமாந்தால் வேனும் போய், காரும் ஓடாமல், நடுத்தெருவில் நிற்க வேண்டியதுதான். ஜப்பான் கார் வாங்கு என்று ஹட்டனில் பாதிப் பேர் புத்தி சொன்னார்கள். அந்தப் பாதிப் பேரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு ஜெர்மன் கார் பிடித்தவர்கள்தான்.

காலை ஆறரைக்கு ஹட்டனில் பஸ் ஏறினேன். கொட்டகலை, தலவாக்கலை, லிந்துலை, நானுஓயா வழியாக ஐம்பது கிலோமீற்றருக்கு உட்பட்ட தூரம்தான், ஆனால் இரண்டு மணி நேரம் பிடிக்கும். இடது பக்க ஜன்னலோரம் உட்காருங்கள் என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வளைவில் எந்த கியர் போடுகிறார் என்று பார்த்துக்கொண்டே போனேன். கார் வாங்கப் போகிறவர்களுக்கு அந்த இடம்தான் நல்லது.

நுவரெலியா பஸ் ஸ்டாண்டில் புரோக்கர் நசீர் நானா காத்திருந்தார். "தொரைட வண்டி தங்கச்சி. ஓடினது கொஞ்சம்தான், மீட்டரப் பாருங்க" என்று வழியெல்லாம் அதையே பாடிக்கொண்டு வந்தார். ஒரு தோட்டத்தில் மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் கார்க்காரர். எங்கள் பக்கத்தில் மனேஜர் என்றால் தொரைதான், ஓய்வு பெற்றாலும் தொரைதான். கறுப்பு நிறம், கண்ணாடி போல மினுங்கிக்கொண்டு கார் நின்றது. விலை ஐம்பத்திரண்டு இலட்சம் என்றார் தொரை. அதே வருடத்துக் கார் கொழும்பு விளம்பரங்களில் நாற்பத்தாறு, நாற்பத்தேழு என்று இருந்ததை நான் பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன்.

முதல் வேலையாக முற்றத்தில் குப்புறப் படுத்து, காருக்கு அடியில் கையை விட்டேன். எங்கள் லயத்துக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கான் ஒன்று உண்டு. அதை மூடிய கொங்கிரீட் மேட்டின் உயரம் என் சாணுக்கு நாலு விரல் குறைவு. காரின் அடிப்பாகத்தில் மிகத் தாழ்ந்த இடம் என் சாணுக்கு இரண்டு விரல்தான் குறைந்தது. போகும்.

"என்னம்மா கீழ தேடுற?" என்று தொரை சிரித்தார். "இது எஸ்டேட் ரோட்டுக்கு உள்ள கார் இல்ல. வாங்கிக்கிட்டுப் போய் எங்க நிப்பாட்டுவ, லயத்துலயா?"

நான் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டேன். "ஆமாங்க. லயத்து வாசல்லதாங்க நிப்பாட்டுவேன்."

காரை நானுஓயா வரை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றேன். தொரை தன் டிரைவர் செல்வராஜ் அண்ணனைக் கூடவே அனுப்பினார். இறக்கத்தில் ஓட்டிக்கொண்டே அண்ணன் காரைப் பற்றிப் பெருமை பேச ஆரம்பித்தார். "இந்த இறக்கத்துல நியூட்ரல்ல போட்டு விட்டுருவேங்க. நானுஓயா வரைக்கும் ஒரு சொட்டுப் பெட்ரோல் குடிக்காது. இத்தன வருஷமா அப்படித்தான்."

எனக்கு அப்போதே பாதி விலை தெரிந்துவிட்டது. மலைநாட்டு டிரைவர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. நானும் பழைய வேனில் செய்ததுதான், அது கையால் கியர் மாற்றும் வண்டி என்பதால் பிரேக் மட்டும்தான் தேயும். ஆட்டோ கியர் வண்டியில் அப்படி விட்டால் கியர் பெட்டிக்குள் எண்ணெய் சரியாக ஓடாது, உள்ளே எல்லாம் தேயும். திரும்பி மேலே ஏறும்போது நானே ஓட்டினேன். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் கார் ஒரு கணம் தயங்கி, பிறகு உதைத்தது. பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கியது. மீட்டரில் கொஞ்சம்தான் ஓடியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கொஞ்சமும் மேட்டிலும் பள்ளத்திலும் ஓடியது.

அண்ணன் சொன்னதை நான் தொரையிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லி அந்த மனிதருக்கு ஏச்சு வாங்கிக் கொடுக்க எனக்கு மனமில்லை. கார் செய்ததை மட்டும் சொன்னேன். கியர் பெட்டி வேலைக்கு ஐந்து இலட்சம், பிரேக்குக்கும் அடிப்பக்க ரப்பர்களுக்கும் ஒன்றரை, கொழும்பு விலையில் அதைக் கழித்து நாற்பது தருகிறேன் என்றேன். நசீர் நானா நெற்றியில் கை வைத்தார். நாற்பத்தெட்டுக்குக் கீழே ஒரு ரூபாய் இறங்க மாட்டேன், கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்தக் காரின் அருமை தெரியும் என்றார் தொரை.

சுறுக்கென்று கோபம் வந்தது. "நீங்களே ஒரு கராஜ் சொல்லுங்க. கியர் எண்ணெயைத் தொறந்து பாப்போம். நல்லா இருந்தா நாப்பத்தெட்டு, இப்பவே தாறேன். கெட்டிருந்தா நாப்பது" என்றேன்.

அவருக்குத் தன் காரின் மேல் அவ்வளவு நம்பிக்கை. உடனே சம்மதித்தார். அவர் சொன்ன கராஜிலேயே எண்ணெயைத் திறந்தார்கள். கருகிய வாசத்தோடு கரி நிறத்தில் வந்தது, வெளிச்சத்தில் இரும்புத் தூள் மினுங்கியது. தொரை ஒரு சொட்டை விரலில் தொட்டு முகர்ந்து பார்த்தார். பிறகு சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். நாற்பதுக்கே கொடுத்தார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

இதே வேலையாகக் கிளம்புகிறவர்களுக்கு: மலையில் ஓடிய காரின் மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள். இறக்கத்திலும் ஏற்றத்திலும் இரண்டு தடவை ஓட்டுங்கள். டிரைவர் கூட வந்தால் வாயை மூடிக்கொண்டு அவரைப் பேச விடுங்கள். வண்டிப் புத்தகம் விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். திருத்த வேலைக்கான விலையை முன்பே கராஜில் கேட்டு வையுங்கள், எனக்கு முடிவில் ஆறே முக்கால் இலட்சம் ஆனது. உங்கள் வாசலில் மேடு இருந்தால் அதையும் அளந்துகொண்டு போங்கள். எவன் சிரித்தாலும் படுத்துப் பாருங்கள்.

வைகாசியில் கல்யாணத்தன்று விடிய மழை. பெரட்டுக் களத்துச் சந்தியில் திரும்பியபோது, வாழையிலைக் கட்டோடு எங்கள் லயத்துக்காரர்கள் மூன்று பேர் முன்னால் நடந்துகொண்டிருந்தார்கள். கறுப்புக் காரைக் கண்டதும் மூவரும் கானுக்குள் இறங்கி ஒதுங்கி நின்றார்கள். ஒரு மாமா தலைத்துண்டைக் கூட எடுத்துவிட்டார். தொரை கார் வந்தால் செய்யும் பழக்கம் அது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"ஒதுங்காதீங்க மாமா. இது நம்ம வண்டி. ஏறுங்க."

சேற்றுக் காலோடு எப்படி என்று தயங்கினார்கள். அதட்டித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. கான் மேட்டுக்கு முன்னால் மட்டும் அவர்களை இறக்கிவிட்டேன், பாரம் குறைந்தால்தான் அந்த இரண்டு விரல் மிஞ்சும். கார் மெதுவாக ஏறி இறங்கியது, எங்கும் தட்டவில்லை. கவிதா வாசல்படியிலிருந்து நேராகக் காருக்குள் காலை வைத்தாள். சேறு பின் சீட்டு முழுக்க இருந்தது. அவளை அதனால்தான் முன் சீட்டில் உட்கார வைத்தேன்.