எமெட்டைத் திட்டுவதற்கென்று ஓர் ஆள்

வயோமிங் மலையில் எல்க் மான் வேட்டைக்கு வழிகாட்டியாக இருப்பவரின் பிழைப்பு, பழைய வாடிக்கையாளர்களின் வாயில் இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து வருகிறவர்கள் விவரமானவர்கள். முன்பணம் அனுப்புவதற்கு முன், "உங்ககூட ஏற்கெனவே வந்தவங்க ரெண்டு பேர் நம்பர் கொடுங்க, பேசிப் பாத்துட்டுச் சொல்றோம்" என்பார்கள். எமெட் ஹால்வர்சனும் கொடுப்பார். அவர்களும் பேசிப் பார்ப்பார்கள். அதோடு அவர்களிடமிருந்து பேச்சு மூச்சு இருக்காது.

இப்படியே மூன்று பருவம், வேட்டைக்கு வருகிறவர்கள் தங்கும் கூடாரம் பாதி காலி. வருகிற இலையுதிர் காலமும் ஆள் சேராவிட்டால் குதிரைகளை விற்றுவிட்டு மைத்துனர் வேர்னின் டயர் கடையில் வேலைக்குச் சேர வேண்டியதுதான். வேர்ன் நல்ல மனசுக்காரர். நெஞ்சில் 'எமெட்' என்று பெயர் தைத்த கடையின் நீலச் சட்டையைக் கிறிஸ்துமஸுக்கே அனுப்பிவிட்டார்.

சந்தேகம் முதலில் வந்தது எமெட்டின் மனைவி லோர்னாவுக்கு. எமெட் தவறாமல் கொடுக்கும் முதல் நம்பர் டாக்டர் கெஸ்லருடையது. ஒஹையோவில் பல் மருத்துவர். ஒவ்வொரு செப்டம்பரும் வருகிறவர். கொண்டுபோன மான் தலைகளை மாட்ட இடமில்லாமல் வீட்டில் ஒரு அறையை இழுத்துக் கட்டியவர். லோர்னா அவருக்கு போன் போட்டாள், தன் குரல் தெரியாமலிருக்க அமெரிக்கத் தெற்கத்திக்காரி மாதிரி இழுத்துப் பேசிக்கொண்டு.

"எங்க வீட்டுக்காரர் அந்த ஹால்வர்சன்கூட வேட்டைக்குப் போகணும்கிறார் டாக்டர். ஆளு எப்படி?"

"எமெட்டா? தங்கமான மனுஷன்மா. ஆனா பாவம், கண்ணு முன்ன மாதிரி தெரியலை. அந்தப் பக்கம் மானும் இப்ப இல்லை. நான் போறதே சும்மா காத்து வாங்கத்தான்."

"சாப்பாடு?"

"ஐயோ, அதை மட்டும் கேக்காதீங்க. மூணு வேளையும் டப்பா பீன்ஸ். அவர் சம்சாரத்துக்குச் சமையல் சுட்டுப் போட்டாலும் வராது."

போன முறை லோர்னாவின் இலவங்கப்பட்டை ரொட்டியைப் பொட்டலம் கட்டி எடுத்துப் போன மனிதர் அவர். இரண்டாவது நம்பர்காரர் இன்னும் ஒரு படி மேலே. எமெட் தொழிலையே விட்டுவிட்டதாகச் சொல்லி அனுதாபமும் பட்டார்.

எமெட் வயிறு குலுங்கச் சிரித்தார். "மீன் கிடைக்கிற இடத்தை எவன் ஊருக்குச் சொல்லுவான்? நானா இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

"சிரி, சிரி. அந்த நீலச் சட்டையப் போட்டுக்கிட்டுச் சிரி. இனிமே, திரும்பி வர ஆசையே இல்லாத ஆளோட நம்பரைக் கொடு."

"அப்படி ஒருத்தன்தான் இருக்கான். டக்கெட். என் பேரைக் கேட்டாலே கடிச்சுக் குதறிடுவான்."

"குதறட்டும். பொய் சொல்ல மாட்டான்ல?"

டெக்சாஸில் பெட்ரோல் பங்க் வைத்திருக்கும் டக்கெட்டின் மனப்புண் பழையது. அவர் வேட்டைக்கு வந்தபோது மலை முகட்டில் ஒரு பெரிய ஆண் மான் நின்றது. அதற்குப் பின்னால் வெறும் வானம். குறி தப்பினால் குண்டு அந்தப் பக்கம் யார்மேல் போய் இறங்குமோ தெரியாது. டக்கெட் விசையில் விரலை வைத்த நேரத்தில் எமெட் துப்பாக்கி முனையைக் கையால் அமுக்கிவிட்டார். மான் நிதானமாக நடந்து போய்விட்டது.

டக்கெட்டின் நம்பரைக் கொடுத்த சில நாளில் மினசோட்டாவிலிருந்து ஒருவர் போனில் சிரித்துக்கொண்டே பேசினார். "யப்பா, அந்த டக்கெட் ஒரு மணி நேரம் திட்டினாருங்க! 'சாயங்காலம் ஒரு மடக்கு விஸ்கி குடிச்சதுக்குத் துப்பாக்கியப் பிடுங்கிப் பெட்டியில பூட்டிட்டான். காத்து திரும்பி நம்ம வாடை மானுக்குப் போகுதுன்னு மறுபடி மலை ஏற வச்சான். முகட்டுல நின்ன மானைச் சுட விடலை, கிராதகன்!'னாரு. என் பையனையும் கூட்டிட்டு வரேன். இடம் இருக்கா?"

டக்கெட்டிடம் பேசிய எல்லோருமே பதிவு செய்தார்கள். பனி உருகுவதற்குள் கூடாரத்தில் ஒரே ஒரு கட்டில்தான் மிச்சம். அதைக் கேட்டு டாக்டர் கெஸ்லர் கெஞ்சினார். "எங்க சமையலைத் தின்னு உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?" என்று லோர்னா மிகுந்த கரிசனத்துடன் கேட்டாள். டாக்டர் போனை வைத்துவிட்டார்.

பிறகுதான் டக்கெட்டுக்கு விஷயம் எட்டியது. எமெட்தான் போனை எடுத்தார்.

"யோவ் எமெட்! நான் திட்டத் திட்ட உனக்கு ஆள் சேருதாமே? என்னை வச்சே கடை நடத்துறியா? கேட்டுக்க, இனிமே எவன் கேட்டாலும் உன்னை வாயாரப் புகழப்போறேன். தங்கமான மனுஷன்னு சொல்லுவேன். அதோட நீ ஒழிஞ்ச!"

"டக்கெட், கொஞ்சம் பொறுங்க... குதிரையெல்லாம் இப்பத்தான்..."

லோர்னா போனைப் பிடுங்கினாள். "மிஸ்டர் டக்கெட், ஒரு கட்டில் காலியா இருக்கு. செப்டம்பர்ல வாங்க. நீங்க எங்க விருந்தாளி, ஒண்ணும் தர வேணாம். ஊருக்குப் போய் வழக்கம்போலத் திட்டினாப் போதும்."

"வந்தா, அந்த ஆளு மறுபடியும் என் துப்பாக்கிய அமுக்குவானா?"

"அமுக்குவார்," என்றாள் லோர்னா. "அதுக்கு நான் பொறுப்பு."