துப்பாமல் குடித்த தேநீர்

சேக்கி யாரையும் லேசில் நம்பமாட்டாள். அதற்காக அவளைக் குறை சொல்ல முடியாது. யோகோஹாமாக் கடலோரத்தில் அவள் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு கூரை வீடும், வலை காயப்போட இடமும் இருந்தன. அந்நியக் கப்பல்களுக்குத் துறைமுகத்தைத் திறந்தபோது அதிகாரிகள் வந்து, கொஞ்ச நாளைக்குக் கால்வாய்க்கு அந்தப் பக்கம் போய் இருங்கள் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்றுவரை முடியவில்லை. வீடு இருந்த இடத்தில் வெள்ளைக்காரன் ஒருவன் தேயிலைக் கிடங்கு கட்டினான். சேக்கி அங்கேயே வேலைக்குப் போனாள். நானும் போனேன். வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

பெரிய இரும்புச் சட்டிகளில் தேயிலையைக் கொட்டி, கரி நெருப்பில் வெறுங்கையால் கிளற வேண்டும். இலை சூடேறும்போது மேஸ்திரி வந்து நீலப் பொடியைத் தூவிவிட்டுப் போவார். அவர் சீனத்தார். வெள்ளைக்காரர்கள் பேச்சும் தெரியும், நம் பேச்சும் தெரியும். எதற்கு இந்தப் பொடி என்று கேட்டால், "பளிச்சுனு இருந்தாத்தான் அவங்க ஊர்ல வாங்குவாங்க" என்பார். சாயம் பூசிய இலையைக் கடல் தாண்டிக் கொண்டுபோய்க் குடிப்பார்களாம்! எனக்கு அது சரியாகப் படவில்லை. ஊரில் வேறு அப்போது வாந்திபேதி. வெள்ளைக்காரன் கிணற்றில் என்னவோ கலந்துவிட்டான் என்று பேச்சு. நானும்தான் பேசினேன்.

ஆச்சரியம், சேக்கி தேயிலையை மட்டும் சந்தேகப்படவில்லை. "இலை நம்ம மலையில விளைஞ்சதுதானே தோமே அக்கா. பொடி சும்மா மேல்பூச்சு" என்று என்னிடம் சொல்வாள். தினமும் ஒரு சிட்டிகையைச் சட்டைக் கையின் மடிப்பில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோவாள். எல்லாம் புருஷன் கன்ஸோவுக்காக. துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர் அவர். அவர் ஒரு வாய் நல்லது சாப்பிட்டால் இவளுக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒருநாள் கன்ஸோவுக்கு வாந்தி. மறுநாளும் நிற்கவில்லை. போகாவிட்டால் வேலை போய்விடும் என்று சேக்கி அரைமனதோடு வந்தாள். அன்று பார்த்து அவளை மாடிக்கு வெந்நீர் தூக்கிவரச் சொன்னார்கள். திரும்பி வந்தவளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"அக்கா, துப்புறான்."

"யாருடி?"

"அந்தச் சிவப்புத் தாடி முதலாளி. வரிசையா கிண்ணம் வச்சிருக்கான். ஒவ்வொண்ணுலயும் ஒரு வாய் உறிஞ்சுறான், பித்தளைச் செம்புல துப்புறான். ஒரு சொட்டுகூட முழுங்கல." அவள் பல் கிட்டியது. "அவனே முழுங்காததை நான் தினமும் என் மனுஷனுக்கு ஊத்திக் குடுத்திருக்கேன். நானே கொன்னுட்டேன் அக்கா."

வீட்டுக்கு ஓடலாமென்றால் மாலைவரை வாசல் கதவைத் திறக்கமாட்டார்கள். சேக்கி தன் சட்டியிலிருந்தே ஒரு பிடி அள்ளிக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றினாள். தாடிக்காரர் கீழே இறங்கி வந்ததும் நேரே அவர் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"முழுங்கச் சொல்லுங்க" என்றாள் மேஸ்திரியிடம்.

"பைத்தியமா உனக்கு? போய் வேலையப் பாரு!"

"முழுங்கட்டும். அப்புறம் பாக்குறேன்."

நான் சட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்தவளும் எடுத்தாள். அப்படியே வரிசை முழுக்க நின்றது. இலை தீயும் வாசனை கிளம்பியதும் மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. மடமடவென்று தாடிக்காரரிடம் என்னவோ சொன்னார். அந்த மனிதர் சேக்கியை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு சர்க்கரை கொண்டுவரச் சொன்னார். கூடவே மாட்டுப் பால்! தேநீரில் மாட்டுப் பாலை ஊற்றினார். கன்றுக்குட்டி குடிப்பதை மனிதர் குடித்து நாங்கள் பார்த்ததில்லை; எங்களுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. அவரோ கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்து, இன்னொரு கிண்ணமும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

"நாள் பூரா நூறு கிண்ணம் ருசி பாக்குற ஆளு, எல்லாத்தையும் முழுங்கினா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்றார் மேஸ்திரி. "அது சரி, உனக்கு என்ன வந்துச்சு?"

சேக்கிக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது. அந்தச் சந்தோஷத்தில் சிட்டிகை விஷயத்தை உளறிவிட்டாள். அன்று மாலையே அவள் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவே இல்லை. வழியெல்லாம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கன்ஸோ எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கெட்டுப்போன மீனைத் தின்றிருக்கிறார், அவ்வளவுதான். சேக்கி நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"இதுக்காடி வேலையத் தொலைச்ச?" என்றார் அவர். "நீ குடுத்ததை நான் என்னைக்குக் குடிச்சேன்? நீ அந்தப் பக்கம் திரும்பினதும் ஜன்னல் வழியா கொட்டிருவேன்."

"கொட்டிருவியா? ஏன்?"

"அவனுங்ககிட்ட வேலை பாக்குறவ நீ. என்ன சொல்லிக் குடுத்து அனுப்புறானுங்களோ, யார் கண்டா?"

சேக்கி அடுப்பில் வெந்நீர் வைத்தாள். மிச்சமிருந்த சிட்டிகையைப் போட்டு ஒரு கிண்ணம் தயாரித்தாள். அவர் எதிரிலேயே பாதியைக் குடித்துவிட்டு மீதியை நீட்டினாள். கன்ஸோ கிண்ணத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"வாயத் தொறந்து காட்டு" என்றார்.

எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பிடுங்கி அவர் மண்டையில் போடலாம் போல இருந்தது. சேக்கி வாயைத் திறந்து காட்டினாள். அவர் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். குடித்து முடித்து, நன்றாக இருக்கிறது என்றார்.

அதன்பிறகும் இருவரும் ஒரே வீட்டில்தான் நெடுங்காலம் வாழ்ந்தார்கள். அவருக்குச் சோறு போட்டாள், துணி துவைத்தாள், மூச்சுத்திணறலில் கிடந்தபோது ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டாள். ஆனால் அவர் சாகும்வரை அவள் தேநீர் மட்டும் ஊற்றிக் கொடுக்கவில்லை. வேண்டுமென்றால் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போவார்.