கூரை ஒழுகும் நாவல்

என் மகளை ஏற்றிவரும் பள்ளி வேனை ஓட்டுகிற அக்கா ஹாரனிலிருந்து கையை எடுக்கவே மாட்டார். கிரீன்லேன் சாலை நெரிசலில் லாரிகளே அவருக்கு ஒதுங்கி வழிவிடும். ஆனால் பள்ளி வாசலில் காத்திருக்கும்போது அவர் படிப்பது ஏதோ சிற்றூரைப் பற்றிய சாதுவான நாவல். மகள் மறந்துவிட்ட தண்ணீர்ப் போத்தலைக் கொடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். ஒரு மளிகைக்கடைக்காரர் ஒழுகும் கூரையைச் சரிசெய்யலாமா என்று நாற்பது பக்கமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமே நடக்கலையேக்கா, எப்படிப் படிக்கிறீங்க?"

"அந்த ஊர்ல எந்த அம்மாவும் பிள்ள வேன்ல ஏறிட்டாளான்னு தெனம் அஞ்சு தடவ கால் பண்றதில்லலா. அது போதும்."

அந்த அம்மா நான்தான்.

மறுநாள் ரோஷத்தோடு கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன். பள்ளி விடும் நேரம் தாண்டியது. வேன் எந்தச் சாக்கடையில் கிடக்கிறதோ என்று நினைக்கும்போதே கைப்பேசி அடித்தது. அக்காதான்.

"பாப்பா ஏறிட்டா. நீ ஏன்மா கால் பண்ணல? உடம்பு கிடம்பு சரியில்லையா? நீ கூப்பிடுவேன்னு பாத்துப் பாத்து எனக்கு ஒரு பக்கம்கூட ஓடல!"

வைத்துவிட்டார். அது திட்டா, அக்கறையா என்று கேட்க இன்னொரு தடவை கால் பண்ணலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.