குண்டு லேப்டாப்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் உலர்த்தும் இயந்திரங்களைப் பதினாறு வருஷமாக ஓட்டுகிற அக்காவுக்கு, தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர்களுக்கு அவள் வாழ்க்கையில் பஞ்சமே இருந்ததில்லை. அவர்களில் முதல் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அவளுடைய சித்தப்பா.

சித்தப்பா ஒரு காலத்தில் நகலெடுக்கும் இயந்திரங்களுக்கு மை விற்றவர். அந்த ஒரு தகுதியில், சொந்தக்காரர்கள் யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் கூடவே கடைக்குப் போவார். கூப்பிட வேண்டியதில்லை; எப்படியோ மூக்கில் வேர்த்துவிடும். அவர் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவற்றில் ஒன்று இப்போது மாமா வீட்டில் ஜன்னல் அடித்துக்கொள்ளாமல் முட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று, திறந்த உடனே மூடிக்கொள்ளும். சித்தப்பாவிடம் கேட்டால், "யூஸ் பண்ணத் தெரியணும்மா" என்பார்.

எனவே, சின்னவளுக்கு கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அவர் கடை வாசலில் முன்கூட்டியே வந்து நின்றதில் அதிசயம் ஒன்றுமில்லை.

சின்னவள் என்பது தங்கை. அக்காவுக்கும் அவளுக்கும் பதினோரு வருஷ இடைவெளி. அக்கா எட்டாவதோடு நின்றாள், சின்னவள் நிற்கவில்லை. இப்போது அவளை ஒரு கம்பெனி வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. கம்ப்யூட்டர் விளையாட்டு வெளியே வருவதற்கு முன்னால் அதை விளையாடிப் பார்த்து, எங்கே தப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. இன்னும் இரண்டு மாதத்தில் ஐந்து நாள் சோதனை. வீட்டிலிருந்தே, சொந்த லேப்டாப்பில், காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை. தேறினால் வேலை.

"விளையாடறதுக்குச் சம்பளமா?" என்று சித்தப்பா சிரித்தார். அக்காவுக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. சின்னவள் விளையாடுவதை அவர் பார்த்ததில்லை. அக்கா பார்த்திருக்கிறாள். மற்ற பிள்ளைகள் குதித்து ஓடிச் சுட்டுக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் ஒவ்வொரு சுவராகத் தோளால் இடித்துக்கொண்டே நடப்பாள். எந்தச் சுவர் விட்டுக்கொடுத்து ஆளை உள்ளே விழுங்கிவிடுகிறது என்று நோட்டில் எழுதி வைப்பாள். தேதி, இடம், எப்படி நடந்தால் விழுங்குகிறது என்று மூன்று பத்தியில். அந்த நோட்டைச் சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் அக்கா ஒருமுறை கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அது அவருடைய குறை.

கடையில் விற்பனையாளர் முதலில் எடுத்து நீட்டியது, ஒரு விரல் தடிமனில், கத்தி போல மின்னுகிற லேப்டாப்.

"ஸ்லிம் மாடல் மேடம். கேமிங்ல இதை அடிச்சுக்க ஆளே இல்ல."

"பார்த்தியா!" என்றார் சித்தப்பா, அதைத் தானே பெற்றெடுத்தவர் மாதிரி.

அக்கா அதை வாங்கித் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். விற்பனையாளர் பதறிப்போனார். பொம்மையின் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறவளைப் பார்ப்பதுபோல் சித்தப்பா அவளைப் பார்த்தார்.

"காத்து எது வழியா உள்ள போகுது?"

"அதெல்லாம் உள்ளயே டெக்னாலஜி இருக்கு மேடம்."

"இருக்கட்டும். அந்த டெக்னாலஜி எது வழியா மூச்சு விடும்?"

விற்பனையாளர் தேடினார். அடியில் கடுகளவு துளைகள் இரண்டு வரிசை. கீழே இருந்த ரப்பர் கால்கள் அரிசி மணி உயரம்கூட இல்லை. மேஜையில் வைத்தால் அந்தத் துளைகள் மேஜையோடு ஒட்டிக்கொள்ளும். பின்பக்கம் சூடு வெளியேற ஒரு சின்னக் கீறல்.

அக்காவுக்கு உள்ளே இருக்கிற சிப்பின் பெயரோ எண்ணோ தெரியாது. அதைச் சின்னவள் ஏற்கெனவே பார்த்துக் குறித்து வைத்திருந்தாள். ஆனால் அக்காவுக்குச் சூடு தெரியும். அவள் ஓட்டுகிற இயந்திரம் ஒவ்வொன்றும் ஒரு ஆள் உயரம். காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி. இரண்டில் ஒன்று அடைத்தால் துணி காயாது, இயந்திரம் மட்டும் காயும். பெரிய படிப்பு எதுவும் இதில் இல்லை.

"ரெண்டையும் நாற்பது நிமிஷம் ஓட்டிக் காட்டுங்க. இது ஒண்ணு. அதோ அந்த ஓரத்துல இருக்கே, குண்டா, அது ஒண்ணு."

"டெமோ ஒரு நிமிஷம்தான் மேடம்."

"நாங்க அவசரப்படல" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

சித்தப்பா காதோடு காதாக, "மானத்தை வாங்காதேம்மா. இதெல்லாம் துணி காயப்போடற மெஷின் இல்ல" என்றார்.

"தெரியும் சித்தப்பா. அதான், தானே காயாத மெஷினாப் பார்க்கறேன்."

சின்னவள் இரண்டிலும் ஒரே விளையாட்டை ஓடவிட்டு, திரை மூலையில் சூட்டைக் காட்டுகிற எண்களைப் பார்த்தபடி நின்றாள். ஸ்லிம் முதல் பத்து நிமிஷம் பறந்தது. பதினைந்தாவது நிமிஷத்தில் படம் நொண்ட ஆரம்பித்தது. சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. விசைப்பலகை இட்லித்தட்டு போலச் சுட்டது. குண்டு லேப்டாப்போ கடைசிவரை ஒரே சீராக ஓடியது. சத்தம்தான் கடை முழுக்கக் கேட்டது.

"ஏரோப்ளேன் கெளம்பற மாதிரி இருக்கு. இதையா வீட்டுல வைப்பாங்க?" என்றார் சித்தப்பா.

"சத்தம் போட்டாலும் வேலை செய்யுதே சித்தப்பா. எல்லாருமா அப்படி இருக்காங்க?"

விற்பனையாளர் திரும்பிக்கொண்டு இருமினார். குண்டு வீட்டுக்கு வந்தது.

வீடு என்றால் ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. கதவை ஒட்டிய மேஜைப் பக்கம்தான் பிளக் இருந்தது. குண்டு அங்கே குடியேறியது. அதன் பின்பகுதியை உயர்த்தி வைக்க அக்கா இரண்டு மரக்கட்டைகளை அளந்து வெட்டித் தேய்த்து வைத்தாள். இரண்டு மாதம் சின்னவள் பழகினாள். காலை ஆறு மணி ஷிப்டு முடிந்து மத்தியானம் இரண்டரைக்கு வரும் அக்கா, வந்த கோலத்திலேயே பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, தங்கை சுவர்களை இடிப்பதைப் பார்ப்பாள். அவளுக்கு அதைவிட நல்ல பொழுதுபோக்கு கிடையாது.

சோதனை ஆரம்பித்த இரண்டாம் நாள், ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது படம் விக்கி விக்கி நிற்கிறது என்று சின்னவள் எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் அக்கா வேலையிலிருந்து வந்தபோது, தங்கை முகத்தில் ஈயாடவில்லை.

"என்னடி?"

"பாலத்துல எங்களுக்கு யாருக்கும் விக்கல, உன் மெஷினைப் பாருன்னு பதில் வந்திருக்கு. நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குள்ள, அது விளையாட்டுல இருக்கற தப்புதான்னு உறுதியாச் சொல்லணும், இல்ல வாபஸ் வாங்கணும். தப்பா உறுதி சொன்னா அதோட சோதனை முடிஞ்சுதாம்."

"உன் மெஷினுக்கு என்ன?"

சின்னவள் ஓட்டிக் காட்டினாள். பாலத்தில் மட்டுமல்ல, இப்போது சந்தில், படிக்கட்டில், வெறும் வயலில்கூட நொண்டியது. விசிறி அலறியது. மூலையில் எண் தொண்ணூற்றெட்டைத் தொட்டு நின்றது. பழகிய நாட்களில் எண்பதைத் தாண்டியதில்லை. எது விளையாட்டின் குற்றம், எது லேப்டாப்பின் குற்றம் என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை.

நான்கு மணிக்கு இருவரும் சர்வீஸ் கவுண்டரில் நின்றார்கள். அங்கிருந்தவர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. காய்ச்சல் பார்ப்பதுபோல் மேலே உள்ளங்கையை வைத்தார்.

"கேமிங் லேப்டாப்னா சூடாகத்தான் செய்யும் மேடம்."

"போன மாசம் ஆகலையே."

"வெச்சுட்டுப் போங்க, ஒரு வாரம் ஆகும். வீட்டுல திறந்துடாதீங்க. ஸ்க்ரூ மேல ஸ்டிக்கர் இருக்கு பாருங்க, கிழிஞ்சா வாரண்டி போச்சு."

உள்ளங்கையால் நோய் கண்டுபிடிக்க ஒரு ஆள், அதற்குக் கண்ணாடி அறை, டோக்கன், நீலச் சட்டை. அக்கா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். வழியில் சித்தப்பா போனில் கூப்பிட்டார். சின்னவள் வாய்தவறிச் சொல்லிவிட்டாள்.

"அப்பவே சொன்னேனா இல்லையா? சரி, விடு. ஒரு பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ்ல வெச்சு எடுங்க, குளுகுளுன்னு ஓடும்."

அக்கா போனை வாங்கினாள். "உள்ள தண்ணி கோத்துக்கும் சித்தப்பா. நீங்க வேணா போய் உக்காந்து பாருங்க" என்று வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைக் கவிழ்த்துப் போட்டார்கள். பன்னிரண்டு ஸ்க்ரூ. ஒன்றின் மேல் வெள்ளை ஸ்டிக்கர்.

"கிழிச்சா, பின்னாடி ஏதாவது ஆச்சுன்னா யாரும் பார்க்க மாட்டாங்கக்கா" என்றாள் சின்னவள்.

"இப்ப மட்டும் பார்த்துக் கிழிச்சாங்களா? இதோ பாரு. துணி காயலைன்னா நாங்க எடுத்த எடுப்புல மெக்கானிக்கைக் கூப்பிட மாட்டோம். முதல்ல வடிகட்டியைச் சுத்தம் பண்ணுவோம். அப்புறமும் காயலைன்னாதான் மெஷின் மேல குத்தம். நம்ம பக்கம் சுத்தமா இருந்தாத்தான் அடுத்தவன் பக்கம் கைநீட்ட முடியும்."

சின்னவள் ஒரு நிமிஷம் ஸ்டிக்கரையே பார்த்தாள். பிறகு தானே நகத்தால் கிழித்தாள்.

அக்கா ஒரு வெள்ளைத்தாளில் லேப்டாப்பின் படத்தை வரைந்து, எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்ததோ அந்த இடத்தில் குத்தி வைத்தாள். பழைய ஏடிஎம் அட்டையால் ஓரத்தை நெம்பி மூடியைக் கழற்றினார்கள். அந்த மாடலைத் திறக்கும் வீடியோவைச் சின்னவள் இரண்டு முறை பார்த்திருந்தாள்; முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினாள்.

இரண்டு விசிறிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் சீப்புப் பற்கள் மாதிரி மெல்லிய தகடுகள். அவற்றின் வழியாகத்தான் சூடு வெளியே போக வேண்டும். தகடுகள் கண்ணுக்கே தெரியவில்லை. விசிறிக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பளித் துண்டு மாதிரி ஒன்று படிந்து, இண்டு இடுக்கில்லாமல் அடைத்திருந்தது.

அக்கா அதைப் பல்லுக்குத்தும் குச்சியால் சுருட்டி எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வீட்டுத் தூசி சாம்பல் நிறமாக இருக்கும். இது பச்சை.

அந்தப் பச்சை அவளுக்குத் தெரியும். ஆபரேஷன் அறையில் உடுத்துகிற அங்கிகளின் பச்சை. ஒரு நாளைக்கு முந்நூறு அங்கிகளை அவள் உலர்த்துகிறாள். ஒவ்வொரு சுற்றுக்கும் வடிகட்டியிலிருந்து இதே பஞ்சுத்தூசியைத்தான் கை நிறைய வழித்து எறிகிறாள். எறியாமல் விட்ட புது ஆட்களை அவள் திட்டிய திட்டு சலவைக்கூடத்தில் பிரசித்தம். அந்தப் பஞ்சு தலைமுடியிலும் மேலங்கியிலும் அப்பிக்கொள்ளும். வந்த கோலத்தில் இந்த லேப்டாப்புக்குப் பக்கத்தில் இரண்டு மாதம் உட்கார்ந்தவள் அவள்தான். மேலங்கியை உதறி, மேஜைக்கு நேர் மேலே இருக்கிற ஆணியில் மாட்டியவளும் அவள்தான். குண்டின் பெரிய துளைகள் அவ்வளவையும் ஆசையாக உறிஞ்சியிருக்கின்றன.

கடைக்காரனிடம் மூச்சைப் பற்றிப் பாடம் நடத்தினாளே, அதே புத்திசாலி.

"என்னக்கா இது, பச்சையா இருக்கு?"

"நான்தான்" என்றாள் அக்கா. "சித்தப்பாகிட்ட சொல்லிடாதே. மனுஷன் சந்தோஷத்துல செத்துப்போயிடுவாரு."

சின்னவள் சிரித்ததில் மூன்று ஸ்க்ரூ உருண்டன. அக்கா திட்டிக்கொண்டே பொறுக்கினாள்.

விசிறி சுழன்றுவிடாமல் சின்னவள் விரலால் பிடித்துக்கொள்ள, அக்கா மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்தாள். அவசரப்படவில்லை. மூடி, மரக்கட்டைகளின் மேல் வைத்து, ஓடவிட்டபோது ஏழு மணி.

எழுபத்தொன்பது. அரை மணி நேரம் கழித்தும் எழுபத்தொன்பது. சந்தில் நொண்டல் இல்லை, படிக்கட்டில் இல்லை, வயலில் இல்லை. சின்னவள் பாலத்துக்குப் போனாள்.

மூன்றாவது தூணருகே படம் விக்கியது.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூலையில் எண் அசையவில்லை. சின்னவள் திரும்பி வந்து மறுபடி கடந்தாள். நடந்து போனால் ஒன்றுமில்லை. ஓடினால் ஒன்றுமில்லை. ஓடிக்கொண்டே பின்னால் திரும்பிப் பார்த்தால், மூன்றாவது தூணில் விக்கியது. ஒன்பது முறை பார்த்தாள். ஒன்பது முறையும் விக்கியது.

"மத்தவங்க யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாங்க" என்றாள் மெதுவாக. "ஆனா இதுவும் என் மெஷின்தான்னு சொல்லிட்டா? வாபஸ் வாங்கிட்டா இன்னும் ரெண்டு நாள் ஓட்டிடலாம்க்கா. பயமா இருக்கு."

"உன் கண்ணால பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நம்ம வடிகட்டி சுத்தமா?"

"சுத்தம்."

"அப்புறம் என்ன பயம்? எழுது. முன்னாடி சூடு எவ்வளவு இருந்துச்சு, எங்கெல்லாம் நொண்டுச்சு, அதுல எது நம்ம தப்பு, அதையும் மறைக்காம எழுது. அப்புறம் தூணை எழுது."

சின்னவள் மூன்று பத்தியில் எழுதினாள். அக்கா பக்கத்தில் நின்று எழுத்துக்கூட்டிப் படித்து, 'ஒன்பது முறை' என்ற இடத்தில் விரலை வைத்து, "இதை முதல்ல போடு" என்றாள். காலையில் இன்னொரு முறை படித்துப் பார்த்து, எட்டரைக்குச் சின்னவள் அனுப்பினாள்.

மத்தியானம் இரண்டரைக்கு அக்கா கதவைத் திறந்தபோது, சின்னவள் நாற்காலியிலிருந்து எழுந்து வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு மெஷின்ல பார்த்தாங்களாம். நாலுலயும் விக்குதாம். அஞ்சாவது நாள் வேண்டாம், ஒண்ணாம் தேதி வேலைல சேருன்னு சொல்லிட்டாங்க."

அக்கா தங்கையின் கன்னத்தைத் தொடக் கையை நீட்டினாள். சின்னவள் ஒரு அடி பின்னால் போனாள்.

"அங்கயே நில்லு. மேலங்கியை வெளியவே கழட்டு. குளிச்சுட்டுத்தான் இந்தப் பக்கம் வரணும்."

"முதல் சம்பளம் வாங்கறதுக்குள்ள மேனேஜர் ஆயிட்டியாடி நீ?" என்றாள் அக்கா. சலவைக்கூட மேற்பார்வையாளருக்கே பணியாதவள், படியில் நின்று மேலங்கியைக் கழற்றித் தெருப்பக்கம் பார்த்து மூன்று முறை உதறினாள். பிறகு அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, சுவரோரமாகவே நடந்து குளியலறைக்குப் போனாள்.