நட்டநடுவில் வைத்த ஓட்டை

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் அண்ணன் அதில் பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவார். சாயங்காலம் சேவூரில் இருக்கிற தறிகளைப் பார்க்க அவர் கிளம்பியதும் அது என் கைக்கு வரும். நான் கணிதத்தில் ஆராய்ச்சி மாணவி. திங்கட்கிழமை வேலூரில் கைடு மேடத்திடம் என் தேற்றத்தைச் சொல்லியாக வேண்டும். அது இல்லாவிட்டால் தீசிஸே இல்லை.

விஷயம் இதுதான். விளிம்பு எங்கேயும் உள்ளே மடங்காத, அதாவது குழிவே இல்லாத ஒரு தகடு. அதற்குள் குழிவே இல்லாத ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் சூடு, வெளி விளிம்பில் குளிர்ச்சி. ஒரே சூடு உள்ள புள்ளிகளைச் சேர்த்தால் வளையம் வளையமாகக் கோடுகள் வரும். அந்தக் கோடுகளிலும் குழிவு விழாது என்று முன்பே நிரூபித்துவிட்டார்கள். சரி, தகடே தன் சூட்டுக்குத் தகுந்தபடி இன்னும் சூட்டைக் கிளப்பினால்? அப்போதும் விழாது என்று நான் ரெண்டு வருஷமாக ஒற்றைக் காலில் நின்றேன். நிரூபணத்தில் ஒரு படி மட்டும் பேஜார் பண்ணிக்கொண்டே இருந்தது. படம் போட்டுப் போட்டு மனசைத் தேற்றிக்கொண்டேன். ஒரு படத்திலும் குழிவு இல்லை.

சனிக்கிழமை அண்ணன் சீக்கிரமே திரும்பிவிட்டார். வந்ததும் திரையை எட்டிப் பார்த்தார்.

“அட, நம்ம புட்டா மாதிரியே கீதே! கால்வாசி போட்டுட்டு நாலு பக்கமும் திருப்பிட்டியா?”

“ஆமாண்ணா. கணக்கு ஜல்தியா முடியும்.”

“நம்ம வூட்டுப் பொண்ணாச்சே!” என்று சிரித்துக்கொண்டே குளிக்கப் போனார்.

நான் படத்தை மறுபடி பார்த்தேன். சின்ன வயசிலிருந்து புடவையின் புட்டாப் பூவை அப்படிப் போட்டே பழகிய கை. கால்வாசி போட்டுத் திருப்பினால் ஓட்டை நட்டநடுவில்தான் இருக்கும். அதை ஒரு தரமாவது ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேனா? சே!

தள்ளினேன். இந்தத் தரம் முழுத் தகட்டுக்கும் கணக்குப் போடவிட்டேன். ஒரு கோடு லேசாக உள்ளே மடங்கியது. கணக்கில் பிசகாக இருக்கும் என்று, கம்ப்யூட்டர் தகட்டைப் பிரித்துக்கொள்ளும் கட்டங்களை இன்னும் பொடியாக்கினேன். பாழாய்ப்போன குழிவு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. ஓவென்று அழுதுவிட்டேன்.

அண்ணன் ஈரத்தலையோடு ஓடிவந்தார். “இன்னாம்மா ஆச்சு?”

“தேற்றம் போச்சுண்ணா.”

“அப்போ டாக்டர் பட்டம்?”



திங்கட்கிழமை அந்தப் படத்தையே கொண்டுபோய்க் காட்டினேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“படம் சாட்சி ஆகாதும்மா. இந்தக் குழிவு இருக்குன்னு நிரூபிச்சா அதுவே உன் தீசிஸ். முடியுமா?”

ரெண்டு வருஷமாக இல்லவே இல்லை என்று நான் சாதித்த அதே குழிவு.

“முடியும் மேடம்” என்றேன்.