முட்டை தின்றும் தேறாத தோள்

அந்த மாதத்தில் இரண்டாவது முறையாகத் தோள் தளர்ந்து, சுக்கு மூட்டை என் தலையிலிருந்து சரிந்து விழுந்தது. கொச்சியில், மட்டாஞ்சேரி கிடங்கில் இருபது வருடமாகச் சுமக்கிறேன், அந்த மாதத்துக்கு முன் ஒன்றுகூட விழுந்ததில்லை.

"வயசாச்சு அண்ணே, இனி தூத்து வாருற வேலைக்குப் போயிருங்க," என்றான் கூடச் சுமக்கிறவன். எல்லோரும் சிரித்தார்கள். சாப்பாடு போதவில்லை என்று நினைத்து, தினமும் நான்கு முட்டை தின்றேன். தோள் மேலும் தளர்ந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "உறக்கம் எத்தனை மணிக்கூர், சேட்டா?" என்று கேட்டார்.

"மூணு. ஒரு வருஷமா எங்க சந்துல குழாய்த் தண்ணி ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வருது. பிடிச்சு முடிச்சா விடிஞ்சிரும்."

"வேலை செஞ்ச மசில் உறக்கத்துலயாக்கும் தேறுறது. உறங்காம முட்டை தின்னு என்ன காரியம்?"

உடம்பெல்லாம் எரிந்தது. வயசு என்று சிரித்தார்களே! ஒரு வருடமாக என் தசையைத் தின்றது அந்தக் குழாய். பகலில் ஏன் தண்ணீர் விடவில்லை என்று கேட்க வெட்கப்பட்டு நானும் குடத்தோடு நின்றிருக்கிறேன்.

நேராகக் குடிநீர் ஆபீசுக்குப் போனேன். "எந்தா பராதி?" என்று என் புகாரைக் கேட்டார் அங்கிருந்தவர்.

சட்டையைத் தோளிலிருந்து இறக்கி, "இதுதான்!" என்று கத்தினேன்.